ஒத்து இல்லாத கச்சேரி

என் அக்கா மகன் போலந்தில், கிராக்கோவ் நகரத்தில் வேலை பார்க்கிறான். வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஏதாவது வந்து விழும். பனிக்குள் புதைந்த சைக்கிள், மூன்று நாளாகியும் பொங்காத இட்லி மாவு, 'இங்க முருங்கைக்காய் என்ன விலைன்னு பாருங்க மாமா' என்று ஒரு கடை ரசீது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இதெல்லாம் இல்லாமல் ஒரு பாட்டின் லிங்க் மட்டும் வந்தது. கூடவே ஒரு வரி: "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க மாமா. பாதியில நிறுத்தக் கூடாது."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு டவுனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போனைச் சத்தமாகவே வைத்தேன். பியானோ, ட்ரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. ஆனால், ஆளுக்கு ஒரு பஸ்ஸில் ஏறி ஆளுக்கு ஒரு ஊருக்குப் போவதுபோல இருந்தது. உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மிக்ஸி ஜாருக்குள்ள கரண்டி விழுந்த மாதிரி சத்தம் கேக்கு?"

ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மருமகனுக்கு 'அருமை' என்று ஒரு கட்டைவிரலும் அனுப்பிவிட்டேன். குடும்ப வாழ்க்கையில் பொய் சொல்ல இப்போது வாய்கூடத் தேவையில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாமும் கொஞ்சம் சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே, ஒரு இருபது நிமிடம் உட்கார முடியவில்லையே என்று ஒரு ரோஷம். அது என்ன பாட்டு, யார் வாசித்தது என்று தேட ஆரம்பித்தேன். சென்ற வாரம் இதே பகுதியில் பத்தமடைப் பாய் பற்றி எழுதிவிட்டு இந்த வாரம் போலந்து ஜாஸா என்று யாரும் பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. கடைசியில் சேரன்மகாதேவி பக்கம்தான் வந்து நிற்கப்போகிறோம்.

அந்தப் பாட்டின் பெயர் 'அஸ்டிக்மாட்டிக்'. 1965 டிசம்பரில் வார்சாவில் பதிவு செய்தது. இசையமைத்துப் பியானோ வாசித்தவர் க்ஷிஷ்டோஃப் கொமேடா. கொமேடா என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். நிஜக் குடும்பப் பெயரைத் தமிழில் எழுத நான் முயலப்போவதில்லை, அதில் 'ட'வும் 'ஷ'வும் 'ச'வும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மனிதர் தொழிலால் டாக்டர். அதுவும் காது, மூக்கு, தொண்டை டாக்டர்! ராத்திரியில் ஜாஸ் வாசிக்கிற விஷயம் ஆஸ்பத்திரியில் தெரிய வேண்டாம் என்றுதான் பெயரை மாற்றிக்கொண்டார். பகலில் ஊரார் காதைக் குணப்படுத்திவிட்டு ராத்திரியில் அதே காதைச் சோதித்திருக்கிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் அந்தப் பாட்டுக்காக முதல்முறை சிரித்தாள்.

ஏன் ஒளிந்து வாசிக்க வேண்டும்? 1950-களின் தொடக்கத்தில், ஸ்டாலின் காலத்து போலந்தில், ஜாஸ் என்றால் அமெரிக்க முதலாளிகளின் சங்கீதம். பொது மேடையில் இடமில்லை. வீடுகளுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார்கள். அந்த வருஷங்களைப் 'பாதாள அறைக் காலம்' என்றே அங்கே குறிப்பிடுகிறார்கள். வெளியுலகத்தோடு இருந்த ஒரே பாலம் சிற்றலை ரேடியோ. அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்பவர் ராத்திரி ராத்திரி ஜாஸ் தட்டுகளைப் போட்டு, அவசரமில்லாத தெளிந்த ஆங்கிலத்தில் அறிமுகம் செய்வார். கரகரப்புக்கு நடுவே அதைப் பிடித்துக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. இதைப் படித்ததும் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. இலங்கை வானொலிக்காக ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் திசை திசையாகத் திரும்பியவர்கள் நாம். அந்தக் கரகரப்பு நமக்குத் தெரியாததா?

ஸ்டாலின் போன பிறகு 1956-ல் சோபோட் என்ற கடற்கரை ஊரில் பெரிய ஜாஸ் விழா நடந்தது. 1958-ல் வார்சாவில் 'ஜாஸ் ஜாம்போரீ' தொடங்கியது. அதே வருஷம் அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் தன் குழுவோடு போலந்துக்கும், பிறகு இந்தியாவுக்கும் வந்தார். திரும்பிப் போய் அவர் வெளியிட்ட தட்டில் போலிஷ் மொழியில் 'நன்றி' என்று ஒரு பாட்டு இருக்கிறது, 'கல்கத்தா ப்ளூஸ்' என்று இன்னொன்றும் இருக்கிறது. 1965-லிருந்து அரசாங்க இசைத்தட்டு நிறுவனமே 'போலிஷ் ஜாஸ்' என்று வரிசையாகத் தட்டுகள் போட ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்த அதே சங்கீதம்! அந்த வரிசையில் ஐந்தாவதுதான் 'அஸ்டிக்மாட்டிக்'.

இவ்வளவும் தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டது காதுக்கு ஒரு பைசா உதவவில்லை. பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன் என்பதைத் தவிர.

---

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைப் பார்க்க சேரன்மகாதேவி போனேன். மாதம் ஒரு தடவை செங்கோட்டை ரயிலில் போய்விட்டு வருவது வழக்கம். டவுன் ஸ்டேஷன், பேட்டை, அப்புறம் வயல்வெளி, அடுத்தது சேரன்மகாதேவி. பெரியப்பாவுக்கு வருகிற தை மாதம் எண்பது முடிகிறது. கண் கொஞ்சம் மங்கல். காது மட்டும் பாம்புக் காது.

வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் ஆன பிறகு பேச்சு ஓயும் நேரத்தில், "பெரியப்பா, ஒண்ணு கேளுங்களேன்" என்று போனை அவர் பக்கத்தில் வைத்தேன். விளையாட்டுக்குத்தான். 'என்னல இது கண்றாவி' என்பார், சிரித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒரே ஒரு கேள்வி.

"ஒத்து யாரு ஊதுதா?"

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேளக் கச்சேரியில் நாயனமும் தவிலும் தாளமும் மட்டுமல்ல, ஓரத்தில் ஒருவர் நாயனம் போலவே நீண்ட ஒரு குழலை வைத்துக்கொண்டு ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அதுதான் ஒத்து. அதில் ராகம் கிடையாது, பாட்டு கிடையாது, கைதட்டலும் கிடையாது. நாயனக்காரர் எந்த உயரத்துக்குப் போனாலும் திரும்பிவந்து கால் வைப்பதற்கான தரை அது. இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் போதும்.

"இதுல ஒத்து கிடையாது பெரியப்பா. ஜாஸ்ல அப்படி வழக்கமில்ல."

"ஒத்து இல்லாம எப்படில வாசிக்கான்? காலு வைக்க எடம் வேண்டாமா?"

எனக்குச் சுரீரென்றது. என் காது ஏன் தடுமாறியது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நம் சங்கீதத்தில் ஆதார சட்ஜம் ஒன்று கடைசிவரை அசையாது. இதிலோ அந்தத் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. நகர்கிற தரையில் நின்று வாசிப்பதுதான் அவர்கள் வித்தை. சில பேர், அந்தத் தரையையும் எடுத்துவிட்டு அந்தரத்திலேயே வாசித்துப் பார்க்கிறவர்கள்.

பெரியப்பா தொடர்ந்து கேட்டார். கை நாற்காலியில் மெல்லத் தட்டியது. "அந்தா, அடியில ஒருத்தன் உருட்டிட்டே இருக்கான் பாரு. அவனைப் பிடிச்சிக்கிட்டுத்தான் மத்தவன்லாம் போறான்." அவர் சொன்னது டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை. ஆள் உயரம் இருக்கும். இரண்டு தடவை கேட்டும் அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனிக்கவில்லை.

ட்ரம்பெட் ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, விட்டு, சுற்றிவந்து, மறுபடி தொட முயன்று, வேறு பக்கம் வழுக்கியது. பெரியப்பா கையை உயர்த்தினார், பேசாதே என்பதுபோல. பிறகு சொன்னார்.

"இவன் தேடுதான்ல. கிடைச்சிட்டுன்னா நிறுத்திருவான்."

அந்த ட்ரம்பெட்காரர் தோமாஷ் ஸ்டான்கோ. அப்போது அவருக்கு 23 வயது.

---

சேரன்மகாதேவிக்கு அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அதைவிட, அருணாசலம் பிறந்த ஊர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டிபோட்டுக்கொண்டு வரும் அந்த நாயனத்தை அறியாத தமிழ்க் காது இருக்காது. ஆபேரி ராகம், 1962. திரையில் நாயனத்தைப் பிடித்திருப்பவர் ஜெமினி கணேசன், ஒலிப்பது காருகுறிச்சியார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, பல வருஷம் அவரோடு கூடவே வாசித்து, அப்புறம் தனிக்கச்சேரி என்று கிளம்பி தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர். 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டார்.

பெரியப்பா அவரை நேரில் கேட்டவர். பதினாறு, பதினேழு வயதில் கல்யாணம் யார் வீட்டில் என்றுகூடத் தெரியாமல், நாயனம் காருகுறிச்சியார் என்று கேள்விப்பட்டாலே சைக்கிளை எடுத்துவிடுவாராம்.

"ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பெட்ரோமாக்ஸ் லைட்டு. நாலு தெரு சுத்தி வரணும். முதல் தெரு மூலையில நின்னாரு, எடுத்தாரு ஒரு ராகத்தை. அரை மணி, முக்கால் மணி. ஊர்வலம் நவுரல. கார்ல மாப்பிள்ளை மாலையோட தூங்கிட்டான். ஒருத்தனும் எழுப்பலையே! லைட்டு தூக்குனவன் தோளு மாத்தி மாத்தி நிக்கான். அவர் ஒரு பிடியைப் பிடிப்பாரு, முடிக்க மாட்டாரு. இப்ப முடிப்பாரு, இப்ப முடிப்பாருன்னு நமக்கு மூச்சு நிக்கும். அவர் வேற எங்கயோ போயிட்டு வந்து, நாம மறந்த பொறவு முடிப்பாரு."

அந்த முக்கால் மணி நேரம் எந்தத் தட்டிலும் இல்லை. அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர்கள், தட்டுக்காக அதை ஊறுகாய் மாதிரி சுருக்கி ஜாடியில் அடைத்துக் கொடுத்தார்கள். கொமேடாவுக்கு அந்தக் கஷ்டமில்லை. அவர் காலத்தில் நீள்தட்டு வந்துவிட்டது, ஒரு பக்கம் முழுவதும், 20 நிமிடத்துக்கும் மேல், ஒரே பாட்டை ஓடவிட்டார். காருகுறிச்சியாரின் கொஞ்சம் நீளமான வாசிப்புகளும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, கேட்டிருக்கிறேன். ஆனால், அந்தத் தெரு மூலையும் பெட்ரோமாக்ஸும் பெரியப்பாவின் காதில் மட்டும்தான் இருக்கின்றன. காதுக்கும் எண்பது ஆகப்போகிறது.

பேச்சு இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது பெரியப்பா சாதாரணமாகச் சொன்னார்: "உன் மக கல்யாணத்துலகூட ஒருத்தன் இப்படித்தான் தேடிட்டு இருந்தான். நீதான் நிறுத்தச் சொல்லிட்ட."

---

மூன்று வருஷம் ஆகிறது. தாலி கட்டி முடிந்து, மேடையில் போட்டோவுக்குக் கூட்டம் அலைமோதிய நேரம். எனக்கு ஆயிரம் கவலை. பந்தியில் பாயசம் பத்துமா, சம்பந்தி வீட்டு வேன் வந்ததா, போட்டோகிராபர் யாரையோ காணோம் என்கிறார். ஓரத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்க்கவே இல்லை. திடீரென்று ஒரு கட்டத்தில் தவில் நின்று, நாயனம் மட்டும் தனியாக, மெதுவாக, எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. கரகரப்பிரியா என்று பெரியப்பா இப்போது சொல்லித்தான் தெரியும். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து, "மாமா, பாட்டு போட ஸ்பீக்கர் ரெடி. இவங்களை முடிக்கச் சொல்லுங்க" என்றான். நான் தூரத்தில் நின்றபடியே மேளக்காரரைப் பார்த்துக் கையைக் குறுக்காக அசைத்தேன். பஸ் கண்டக்டரிடம் 'ஏறலை, போங்க' என்று காட்டுவோமே, அதே மாதிரி.

அவர் தலையை ஆட்டினார். அந்த இடத்திலேயே நிறுத்தினார். ஒரு மங்களம்கூட வாசிக்கவில்லை, அதற்கும் நான் நேரம் கொடுக்கவில்லை. சீவாளியை எடுத்துத் துடைத்து டப்பியில் வைத்தார். அது மட்டும் எப்படியோ எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பெரியப்பா. மூன்று வருஷமாக அவர் இதைச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ரயிலில் திரும்பும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு 'அஸ்டிக்மாட்டிக்' போட்டேன். அடியில் உருட்டுகிறவரை முதலில் பிடித்துக்கொண்டேன். மேலே ட்ரம்பெட் தேடியது, அதற்குப் பிறகு சாக்ஸபோன் தேடியது. நமிஸ்வோவ்ஸ்கி என்பவர். டவுன் ஸ்டேஷனில் இறங்கும்போது பாட்டு முடியவில்லை. பிளாட்பாரத்தில் நின்று கேட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பிடித்ததா என்றால், பிடித்தது என்று இன்னும் சொல்லமாட்டேன். நிறுத்தத் தோன்றவில்லை.

மருமகனிடம் அன்று ராத்திரி உண்மையைச் சொன்னேன், முதல் தடவை ஆறு நிமிடம்தான் கேட்டேன் என்று. "தெரியும் மாமா. நீங்க கட்டைவிரல் போட்டப்ப பாட்டு முடிஞ்சிருக்க முடியாதே" என்றான். பிறகு வரிசையாக அனுப்ப ஆரம்பித்தான்.

எல்லாம் பிடித்துவிட்டது என்று பீற்றிக்கொள்ளமாட்டேன். சிலதைக் கேட்டபோது, கோயில் கொடையில் மூன்று சாமிக்கும் ஒரே நேரத்தில் மேளம் அடித்தால் நடுவே மாட்டிக்கொண்டவன் கதிதான் எனக்கு. கொடையிலாவது கையில் ஒரு சர்பத் இருக்கும். ஆனால், இரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, 1976-ல் வந்த 'ஹெலன் டுவெல்வ் ட்ரீஸ்' என்ற தட்டு. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வெளியிட்டது. இவர் 1960-களில் மலேசியாவில் இருந்தபோது அங்கே நம் ஆட்களிடம் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து கற்றார். அந்தத் தட்டில் சாக்ஸபோன், புல்லாங்குழலோடு நாகஸ்வரமும் வாசிக்கிறார். முதல் பாட்டின் பெயர் 'பார்வதியின் நடனம்'. கூட வயலின் வாசிப்பவர் யார் தெரியுமா? ஸ்பிக்னியேவ் ஸைஃபர்ட். கிராக்கோவில் பிறந்தவர், ஸ்டான்கோவின் குழுவில் இருந்தவர். முதலில் சாக்ஸபோன் வாசித்து, பிறகு அதை வைத்துவிட்டு வயலினுக்கு மாறியவர். ஜான் கோல்ட்ரேன் என்ற அமெரிக்க மேதையின் பைத்தியம். அந்தக் கோல்ட்ரேனோ நம் ரவிசங்கரின் இசையில் மனம் பறிகொடுத்து, தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். இந்தச் சுற்றைப் பார்த்தீர்களா? ஸைஃபர்ட் 1979-ல் புற்றுநோயால் இறந்தார், 32 வயது. கொமேடா அதற்குப் பத்து வருஷம் முன்பே, 37 வயதில், தலையில் பட்ட காயத்தால் போய்விட்டார்.

நாயனத்தின் பெயரும் ஒரு போலந்துக்காரரின் பெயரும் ஒரே தட்டில் இருப்பதைப் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்குச் சீவாளி எங்க கிடைச்சுது?" என்பதுதான் அவர் கவலை. நியாயமான கவலை. நாணலில் செய்கிற அந்தத் துண்டு சரியாக அமையாவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்வானும் கையைப் பிசைவார்.

இன்னொன்று, 1980-ல் ஸ்டான்கோ தன்னந்தனியாக வாசித்த தட்டு. பதிவானது இந்தியாவில்! தாஜ்மகாலுக்கு உள்ளேயும், மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் உள்ள கார்லா குகையிலும். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை, அடியில் உருட்டுகிறவரும் இல்லை. ட்ரம்பெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் ஊதுகிறார், நிறுத்துகிறார். சுவரில் பட்டு அது திரும்பிவருகிறது. அது ஓய்வதற்குள் அதன் மேலேயே அடுத்ததை வைக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நெல்லையப்பர் கோயில் பிராகாரம் நினைவுக்கு வந்தது. சாயரட்சை நேரத்தில் உள்ளே எங்கேயோ நாயனம் ஒலிக்கும், ஆளைப் பார்க்க முடியாது. கல் தூண்களில் பட்டுப் பட்டு, நம்மிடம் வரும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. தட்டினால் ஸ்வரம் சொல்லும் தூண்களை வைத்த கோயில் அது. கல்லுக்கும் காது உண்டு என்று தெரிந்தவர்கள்தான் கட்டியிருக்க வேண்டும்.

ஒத்து இல்லாமல் எப்படி வாசிக்கிறான் என்ற பெரியப்பாவின் கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் தட்டுதான் பதில். கட்டடத்தையே ஒத்தாக வைத்துக்கொண்டிருக்கிறார். ஊதியது திரும்பிவந்து காலடியில் தரையாக நிற்கிறது.

ஸ்டான்கோவைப் பற்றி இன்னொரு விஷயம். 1990-களில் அவருக்கு சொந்தப் பல் எல்லாம் போய்விட்டது. ஊதுகிறவர்களுக்குப் பல் போவதென்றால் என்ன என்று எந்த நாயனக்காரரையும் கேட்டுப் பாருங்கள். செயற்கைப் பல்லோடு, உதட்டை முதலிலிருந்து பழக்கினார். மணிக்கணக்கில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நீட்டி ஊதிக்கொண்டிருப்பாராம். அலுப்பான வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மூரில் விடிகாலையில் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துச் செய்யும் சாதகம்தான் அது. ஐம்பது வயதுக்கு மேல் அதைச் செய்துவிட்டு, 1997-ல் கொமேடாவின் பாட்டுகளை மட்டும் வாசித்து 'லிட்டானியா' என்று ஒரு தட்டுப் போட்டார். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். மெதுவானது, ராத்திரி நேரத்துக்கு ஏற்றது, வீட்டில் சண்டை வராது. 'அஸ்டிக்மாட்டிக்' அப்புறம். 2018-ல் இறக்கும்வரை வாசித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் கேட்ட கையோடு காருகுறிச்சியாரின் ராகம் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பாட்டு வேண்டாம், ராகம் மட்டும். நான் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால், அடுத்தது என்ன வரப்போகிறது என்று அவருக்கும் அந்த நொடிவரை தெரியாது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. போலந்துக்காரர்களைக் கேட்டபோது பயமுறுத்திய விஷயம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது. பழகிப்போனதால் அதைக் கல்யாண வீட்டுச் சத்தம் என்று நினைத்துவிட்டேன்.

---

பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று. மண்டபம், சமையல் எல்லாம் தம்பி பொறுப்பு. மேளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மகள் கல்யாணக் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். 'மேளம்' என்று எழுதி, தொகையும் போன் நம்பரும் மட்டும் இருந்தன. பெயர் எழுதவில்லை.

போன் போட்டேன். யார் என்று சொன்னதும் நினைவு வைத்திருந்தார்.

"சந்தோசம் அண்ணாச்சி. பாட்டு லிஸ்ட் மட்டும் முன்கூட்டியே அனுப்பிருங்க. சாமி பாட்டு எத்தனை, சினிமாப் பாட்டு எத்தனைன்னு. நாலு புதுப் பாட்டும் வெச்சிருக்கோம்."

"லிஸ்ட் கிடையாது. காலையில ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான். ராகம் வாசிங்க. அன்னைக்குப் பாதியில நின்னதே, கரகரப்பிரியா, அதுன்னாலும் சரி."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் அப்படிக் கையைக் காட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

"அதெல்லாம் பழகிட்டு அண்ணாச்சி. நாங்க மனசுல வெச்சுக்கிட மாட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா, யாராவது கேப்பாங்களா?" என்றார்.

"ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, விழா அவருக்குத்தான். ரெண்டு பேருன்னே வெச்சுக்கோங்க."

சிரித்தார். தவிலுக்கு யாரைக் கூப்பிடுவது, வண்டிச் செலவு என்ன, காலைப் பலகாரம் எத்தனை பேருக்கு என்று பேசி முடித்தோம். வைக்கப்போகும்போது கேட்டார்.

"அண்ணாச்சி, ஒத்துக்குச் சுருதிப்பெட்டி போதுமா? இல்ல, ஆளு கூட்டியாரவா? ஆளுன்னா சம்பளம் தனி."

"ஆளே வரட்டும்" என்றேன்.